மனம் லேசானால் மன்னிப்புக் கிடைத்துவிட்டதா?

செவ்வாய்க்கிழமைகளில் என் அறைக்கு ஆட்கள் பிந்தித்தான் வருவார்கள். கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருக்கும் எவருக்கும் காரணம் தெரியும். செவ்வாய், கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் நாள். பூசை கண்டு, மெழுகுதிரி கொளுத்தி, கூட்டத்தில் நெரிபட்டு, சிலர் குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனமும் செய்துவிட்டு வருவார்கள். அப்படி வந்த ஒருவர் ஒருநாள் கதிரையில் உட்காரவே இல்லை. "மிஸ், பாதரிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். மனசு பஞ்சு மாதிரி இருக்கு. இனி இங்க வரத் தேவையில்லை என்டு சொல்லத்தான் வந்தேன்" என்றார்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. அவர் தலையில் இருந்த ஒரு கணக்கு எனக்குத் தெரியும். நான்கு இலட்சம் ரூபாய்.

நான் உளவளத்துணையாளர். இருபது வருடங்களுக்குக் கிட்ட இந்த வேலை செய்கிறேன். பிறப்பால் கத்தோலிக்கர், இன்றும் கோயிலுக்குப் போகிறவர். இறையியல் படித்தவர் அல்ல. இந்தக் கட்டுரையில் வரும் ஆட்களை நீங்கள் தெருவில் தேட வேண்டாம். பலருடைய கதைகளைக் கலந்து, வயது, தொழில், தெரு எல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன். இதை எழுத ஒரு காரணம் உண்டு. உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தவக்காலம் வந்தால் என் அறையில் ஒரு குழப்பம் திரும்பத் திரும்பத் தலைகாட்டும். மனம் லேசாவதையும் கடவுள் மன்னிப்பதையும் ஒன்றென்று நினைக்கிற குழப்பம். லேசாகிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று ஒரு சாரார். லேசாகவில்லை, ஆகவே கடவுள் மன்னிக்கவில்லை என்று இன்னொரு சாரார். இரண்டு பேரும் பாடுபடுகிறார்கள். முதலாமவரால் பக்கத்து வீட்டுக்காரரும் பாடுபடுகிறார்.

சரி, நான்கு இலட்சத்துக்கு வருவோம். அவர் சீட்டுப் பிடிக்கிறவர். 20 பேர், ஆளுக்கு மாதம் 10,000 ரூபாய், 20 மாதம். மாதாமாதம் குலுக்கி ஒருவருக்கு 2 இலட்சம். கொழும்பில் இதற்கு எழுத்தும் இல்லை, கையொப்பமும் இல்லை. நம்பிக்கைதான் முதல். நடுவில் கடன் நெருக்க, இரண்டு பேருடைய முறையைத் தானே எடுத்துவிட்டார். ஒருவர் அவருடைய மச்சான். மற்றவர் காலையில் இடியப்பம் அவித்து விற்கும் ஒரு விதவைத் தாய். அவரிடம் "அக்கா, உங்கட பேர் இன்னும் விழல்ல" என்று மாதாமாதம் சொல்லிக்கொண்டிருந்தார். நித்திரை இல்லாமல், நெஞ்சு படபடப்போடு என்னிடம் வந்தார். பல கிழமைகளுக்குப் பிறகுதான் சீட்டுக் கதை வெளியே வந்தது.

பாவசங்கீர்த்தனக் கூட்டுக்குள் என்ன கதைத்தீர்கள் என்று நான் யாரையும் கேட்பதில்லை. அது என் வேலை இல்லை. அன்றைக்கு மட்டும் "காசு?" என்று ஒரு சொல் கேட்டேன். "அதையும் சொன்னேன் மிஸ். மூன்டு அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார்." கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "திருப்பிக் குடுக்கவும் சொன்னார்" என்றார்.

பாதர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். இவருடைய காதில் மந்திரம் மட்டும் விழுந்திருக்கிறது.

சின்ன வயதில் ஞாயிறு மறைக்கல்வியில் நாங்கள் மனப்பாடம் செய்தோம். நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் வேண்டும். ஆத்தும சோதனை செய்வது, மனஸ்தாபப்படுவது, இனிமேல் செய்வதில்லை என்று பிரதிக்கினை எடுப்பது, குருவிடம் வெளிப்படுத்துவது, அவர் கொடுக்கும் அபராதத்தை நிறைவேற்றுவது. ஐந்தில் ஒன்றுதான் வாயால் சொல்வது. "லேசாக உணர்வது" அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. மனஸ்தாபத்துக்குக் கண்ணீர் வரவேண்டும் என்றும் திருச்சபை கேட்கவில்லை. செய்ததை வெறுப்பதும், இனிச் செய்யமாட்டேன் என்று தீர்மானிப்பதும்தான் மனஸ்தாபம். அழ வராதவர்கள் என்னிடம் வந்து கவலைப்படுவார்கள். அவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

1992 இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு இந்த விடயத்தில் ஒளிவுமறைவு இல்லாமல் பேசுகிறது. பாவமன்னிப்பு பாவத்தைப் போக்குகிறது, ஆனால் பாவம் உண்டாக்கிய சேதம் எல்லாவற்றையும் அது சரிசெய்துவிடாது என்கிறது. களவெடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதையும், கெடுத்த பெயரைச் சீராக்குவதையும் உதாரணமாகக் காட்டுகிறது. இது புதுக்கதை இல்லை. எண்ணிக்கை நூல் 5ஆம் அதிகாரத்தில் மோசே வழியாக வரும் கட்டளையைப் பாருங்கள். குற்றம் செய்தவர் அதை அறிக்கையிட வேண்டும், முழுத் தொகையையும் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டியும் கொடுக்க வேண்டும். அறிக்கையும் காசும் ஒரே வசனத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. லூக்கா நற்செய்தியில் சக்கேயு யாரும் கேட்காமலே எழுந்து நின்று, யாரையாவது ஏமாற்றியிருந்தால் நான்கு மடங்காகக் கொடுக்கிறேன் என்கிறார். அவர் ஒரு கணக்குப்பிள்ளை மாதிரிப் பேசுவது எனக்குப் பிடிக்கும். அதன் பிறகுதான் இயேசு, இந்த வீட்டுக்கு இன்று மீட்பு வந்தது என்கிறார்.

கடவுளின் மன்னிப்பைக் காசு கொடுத்து வாங்க முடியாது. அது இலவசம். கிறிஸ்தவத்தின் அடி ஆதாரமே அதுதான், கத்தோலிக்கரும் மற்றச் சபையினரும் இதில் ஒத்துப்போகிறார்கள். ஆனால் இலவசமாகக் கிடைத்ததை நம்புகிற ஒருவர், இடியப்பக்கார அக்காவின் காசைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எப்படி நடப்பார்?

நாங்கள் இரண்டு பேரும் மேசையில் இருந்து கணக்குப் போட்டோம். 4 இலட்சம். மோசேயின் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்தால் 4 இலட்சத்து 80 ஆயிரம். "மிஸ், அதெல்லாம் பழைய ஏற்பாடு" என்றார். சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். கடைசியில் எடுத்த தொகையை மட்டும் மாதத் தவணையாகக் கொடுப்பது, அதற்கு முன்னர் இரண்டு பேரிடமும் நேரில் போய் உண்மையைச் சொல்வது என்று முடிவானது. மச்சான் கத்தினார், கை ஓங்கினார், பிறகு சமாதானமானார். அந்த அக்கா கத்தவில்லை. முதல் தவணையை வாங்கி எண்ணினாராம். "காசு சரி" என்றாராம். உள்ளே போய்விட்டாராம். மன்னித்தேன் என்று இன்றுவரை சொல்லவில்லை. இவருக்கு அது பெரிய உறுத்தல். கடவுள் மன்னித்தாலும் மனிதர் தன் நேரத்துக்குத்தான் மன்னிப்பார், மன்னிக்காமலும் விடலாம், அதைக் கேட்டு வாங்குகிற உரிமை நமக்கு இல்லை என்று அவருக்கு விளங்க மாதங்கள் எடுத்தன. அவருடைய படபடப்பு முழுதாகப் போகவில்லை. நித்திரை வந்தது.

இங்கே ஒரு கேள்வி வரும். இரண்டு கிழமைக்கு ஒருதரம் என்னிடம் வந்தவர், பல கிழமைகளாகச் சொல்லாத ஒன்றை முகம் தெரியாத ஒரு பாதரிடம் ஏன் பத்து நிமிடத்தில் சொன்னார்? எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. பதில், முத்திரை எனப்படும் இரகசியக் கடமையில் இருக்கிறது. பாவசங்கீர்த்தன இரகசியத்தை எந்தக் காரணத்துக்காகவும் உடைக்கக்கூடாது என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 983ஆம் பிரிவு. கேட்டறிந்ததை வைத்து அந்த ஆளுக்குப் பாதகமாக எதையும் செய்யக்கூடாது என்கிறது அடுத்த பிரிவு. நேரடியாக மீறும் குரு அந்தக் கணமே திருச்சபையின் உறவிலிருந்து விலக்கப்படுகிறார். எங்கள் தொழிலிலும் இரகசியம் உண்டு, ஆனால் அதற்கு எல்லை உண்டு. ஒருவர் தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால், ஒரு பிள்ளைக்குத் துன்பம் நடக்கிறது என்றால், நான் பேசாமல் இருக்க முடியாது. முதல் நாளிலேயே இதைச் சொல்லிவிடுவேன். குருவுக்கு அந்த எல்லை இல்லை.

இதே கொழும்பில் ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் கத்தோலிக்கக் குருவை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 1687 இல் கோவாவிலிருந்து கூலியாள் கோலத்தில் இலங்கைக்கு வந்த யோசப் வாஸ் அடிகள், தமிழும் சிங்களமும் படித்து, இரவு வேளைகளில் மறைவாகப் பூசை ஒப்புக்கொடுத்து, பாவசங்கீர்த்தனம் கேட்டுத் திரிந்தார். அவரை 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தபோது நானும் அந்தச் சனத்துக்குள் நின்றேன். இப்போது வரிசை கொஞ்சம் நீண்டால் நாங்கள் முணுமுணுக்கிறோம்.

சொற்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கொழும்பில் தமிழ் கத்தோலிக்கர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பூசை காண்பது சாதாரணம். கொன்பெஷன் என்பார்கள், சிங்களத்தில் பாபோச்சாரணய என்பார்கள், வீட்டில் பெரியவர்கள் பாவசங்கீர்த்தனம் என்பார்கள். மறைக்கல்விப் புத்தகத்தில் ஒப்புரவு அருட்சாதனம். ஒரு தாய் என்னிடம் சொன்னார், தன் கோயில் பங்கில் சிங்களப் பாதர் மட்டும்தான், பிழையைத் தமிழில்தான் நினைக்க வருகிறது, சிங்களத்தில் சொன்னால் வேறு யாருடைய பாவத்தையோ சொல்வது மாதிரி இருக்கிறது என்று. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் மூலமாகப் பாவசங்கீர்த்தனம் செய்யலாம், அவரும் இரகசியத்துக்குக் கட்டுப்பட்டவர் என்று திருச்சபைச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அவருக்கு அது தேவைப்படவில்லை. பக்கத்துப் பங்கில் தமிழ்ப் பாதர் இருந்தார். ஓட்டோவில் பத்து நிமிடம். இந்தத் தகவல் அவருக்குக் கிடைக்கப் பதினொரு வருடம் எடுத்தது, அவ்வளவுதான்.

இன்னொரு முதியவருக்கு "ஒப்புக்கொள்" என்ற சொல்லே ஆகாது. நான் யோசிக்காமல் அந்தச் சொல்லைப் பாவித்துவிட்டேன். முகம் இறுகிவிட்டது. ஒரு காலத்தில் தடுத்து வைக்கப்பட்டிருந்தவர். 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியாகும். சாதாரண சட்டத்தில் பொலிஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது. இந்த வித்தியாசத்தின் விலையைத் தங்கள் வாழ்க்கையில் கொடுத்தவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவரிடம் "கடவுளிடம் ஒப்புக்கொள்ளுங்கள்" என்றால் அவருக்குள் எந்த அறையின் கதவு திறக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவருக்குப் பழைய சொல்தான் உதவியது. பாவசங்கீர்த்தனம் என்பதற்குள் ஒரு கீர்த்தனம் இருக்கிறது, எடுத்துச் சொல்லுதல், புகழ்தல் என்ற பொருளும் அதற்கு உண்டு. இலத்தீனில் கொன்பெஸியோ என்ற சொல்லுக்கும் இப்படி இரண்டு பொருள், பாவத்தைச் சொல்வதும் கடவுளைப் புகழ்வதும். புனித அகுஸ்தீன் இரண்டையும் சேர்த்தே பாவித்தார். கேட்டுவிட்டு முதியவர், "அப்ப இது விசாரணை இல்லை" என்றார். இல்லை ஐயா என்றேன்.

இனி மறுபக்கம். லேசாகாதவர்கள்.

ஒரு மாணவி. தெஹிவளையில் வீடு. தாய்தான் கூட்டிக்கொண்டு வந்தார், "மிஸ், பிள்ளை பக்தி கூடிப்போய் படிக்குது இல்லை" என்று. பக்தி கூடியதால் யாருக்கும் படிப்புக் கெடாது. விசாரித்தால், கிழமைக்கு மூன்று நான்கு தரம் பாவசங்கீர்த்தனம். ஒரே பாதரிடம் போனால் வெட்கம் என்று திங்கள் பம்பலப்பிட்டி, புதன் மருதானை, சனி கொட்டாஞ்சேனைப் பேராலயம். போனில் ஒரு பட்டியல். "பூசையில் கவனம் சிதறியது, 4 தரம். அதில் ஒன்று வேண்டுமென்றா தெரியாது." கூட்டிலிருந்து வெளியே வந்தால் இருபது நிமிடம் நிம்மதி. பிறகு, சொன்ன விதம் சரியா? பாதருக்கு விளங்கியிருக்குமா? ஒன்றை விட்டுவிட்டேனோ? விட்டால் முழுப் பாவசங்கீர்த்தனமும் செல்லாதே? நற்கருணை வாங்கினால் அது இன்னொரு சாவான பாவமே? திரும்பவும் வரிசை.

இதற்குத் திருச்சபையில் பழைய பெயர் இருக்கிறது. மனச்சான்றின் நெருடல், ஸ்க்ரூப்பிள் என்பார்கள். சின்னக் கூர்ங்கல் என்பது அந்த இலத்தீன் சொல்லின் மூலப் பொருள். பெரிய புனிதர்களே இதில் அகப்பட்டவர்கள். லொயோலா இஞ்ஞாசியார் 1522 இல் மொன்செராத்தில் மூன்று நாள் எடுத்து, எழுதி வைத்து, வாழ்நாள் பாவம் முழுவதையும் அறிக்கையிட்டார். பிறகு மன்ரேசாவில் அதையே திரும்பத் திரும்பக் கிளறி, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை போனார். பழைய பாவங்களை இனிமேல் அறிக்கையிடுவதில்லை என்று தீர்மானித்த பிறகுதான் விடுதலை. மார்ட்டின் லூதர் துறவியாக இருந்தபோது மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்து தன் ஆன்மகுருவைக் களைக்கச் செய்தவர்.

மருத்துவம் இதை ஓசிடி எனப்படும் நோயின் ஒரு வடிவமாகப் பார்க்கிறது. வேண்டாத எண்ணம் வருகிறது, பதற்றம் ஏறுகிறது, அதைத் தணிக்க ஒரு செயல், தணிகிறது, திரும்ப வருகிறது. கை கழுவுகிறவருக்குக் குழாய் என்றால் இந்தப் பிள்ளைக்குக் கூடு. ஒவ்வொரு முறை ஓடிப்போய்த் தணிக்கும்போதும் நோய்க்குச் சோறு போடுகிறோம். பெற்றோருக்கு இது விளங்குவது கஷ்டம். "கோயிலுக்குத்தானே போகுது" என்பார்கள்.

அவளை மனநல மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினேன். மருந்து தொடங்கியது. அவளுடைய சம்மதத்தோடு, கூட்டுக்கு வெளியே, அவள் தெரிவுசெய்த ஒரு பாதரோடு நாங்கள் மூவரும் இருந்து கதைத்தோம். அனுபவம் உள்ள மனிதர். இப்படியான ஆட்களுக்குத் திருச்சபை காலங்காலமாகச் சொல்லும் வழியைத்தான் அவரும் சொன்னார். ஒரே பாதர். மாதம் ஒருதரம். பட்டியல் இல்லை. சந்தேகமாக இருந்தால் அது பாவம் இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும், சந்தேகத்தை அறிக்கையிடக் கூடாது. பழையதைத் திரும்பச் சொல்லக் கூடாது. அவள் "நான் ஏமாத்துறேனோ பாதர்?" என்று கேட்டாள். "அந்தப் பொறுப்பு என்னுடையது. கடவுள் கேட்டால் என் பெயரைச் சொல்லு" என்றார். என் இருபது வருடத்தில் நான் கேட்ட மிகச் சிறந்த சிகிச்சை வசனங்களில் அது ஒன்று, அதைச் சொன்னவர் என் தொழிலைச் சேர்ந்தவர் இல்லை.

யோவானின் முதல் திருமுகம் 1:9 இல், நாம் பாவத்தை அறிக்கையிட்டால் அவர் மன்னிப்பார் என்பதற்குக் காரணம் சொல்லப்படுகிறது. அவர் நம்பத்தக்கவர், நேர்மையுள்ளவர் என்பதுதான் அந்தக் காரணம். நாம் எப்படி உணர்கிறோம் என்பது அந்த வசனத்தில் வரவே இல்லை. இதை அவளிடம் ஒருமுறை காட்டினேன். இரண்டாம் முறை காட்டவில்லை. காட்டியிருந்தால் அதையும் தணிப்பு மருந்தாக்கியிருப்பாள்.

லேசாகாமல் இருப்பது எப்போதும் நோயும் இல்லை. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986 இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், மனதை மிகவும் பாதித்த அனுபவத்தை எழுதினார்கள். நடந்ததையும் அதன் உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவ நிலையத்துக்குக் குறைவாகப் போனார்கள். ஆனால் எழுதி முடித்த உடனே அவர்களுடைய மனநிலை மோசமாகத்தான் இருந்தது. புண்ணைக் கழுவினால் முதலில் எரியும். நான் பார்த்தவரை நல்ல பாவசங்கீர்த்தனமும் சிலருக்கு அப்படித்தான்.

இன்னொருவரைப் பற்றி எழுதலாமா என்று நிறைய யோசித்தேன். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடையில் குண்டு வெடித்த அன்று காலையில் அவர் பூசைக்குப் போகவில்லை. வயிற்றுக்குத்து என்று பொய் சொல்லிவிட்டுப் படுத்திருந்தார். தங்கை போனாள். அந்தப் பொய்யையும் பூசை காணாததையும் அவர் பாதரிடம் சொன்னார், மன்னிப்புப் பெற்றார். பிறகு திரும்பவும் சொன்னார். வேறு பாதரிடம் சொன்னார். ஜூன் மாதம் கோயில் மீளத் திறந்த பிறகு அங்கேயே போயும் சொன்னார். போகவில்லை, போகவில்லை என்று என்னிடம் அழுதார். எது போகவில்லை என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "தங்கச்சி" என்றார்.

பொய்க்கு மன்னிப்பு உண்டு. அது முதல் நாளே கிடைத்துவிட்டது. துக்கத்துக்குப் பாவமன்னிப்புக் கேட்டால் எந்தப் பாதரால் கொடுக்க முடியும்? உயிர் தப்பியவர்களுக்கு வரும் குற்றவுணர்வு, பாவத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும். அடிக்கிற கணவனிடம் அடி வாங்கிவிட்டு, "எனக்குக் கோபம் வந்திட்டு பாதர்" என்று தன் பாவமாகச் சொல்கிற பெண்களிடமும் இதைப் பார்க்கிறேன். இவர்களுக்கு நல்ல குரு ஒருவர் "இது உங்கட பாவம் இல்லை" என்று சொன்னால் பாதி வேலை முடியும். மீதியை அழுது தீர்க்கவும், பாதுகாப்பான இடத்துக்குப் போகவும் வேறு ஆட்கள் வேண்டும். பெண்களுக்கு 1938, மனநல உதவிக்கு 1926, பிள்ளைகள் பற்றியதென்றால் 1929. இந்த மூன்று இலக்கங்களையும் போனில் பதிந்து வையுங்கள்.

1929 பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பிள்ளைக்குச் செய்த கொடுமையை ஒருவர் கூட்டுக்குள் சொன்னால், குரு வெளியே சொல்ல முடியாது. தானாகச் சட்டத்தின் முன் போய் நிற்கும்படி அவரை வற்புறுத்தலாம். மனஸ்தாபம் உண்மையில்லை என்று கண்டால் பாவமன்னிப்பை மறுக்கலாம். ஆனால் வீட்டில் ஒருவர் "அவர் பாவசங்கீர்த்தனம் செய்திட்டார், விடுங்க" என்று பிள்ளையின் வாயை மூடினால், அந்த ஆள் அருட்சாதனத்தை ஆயுதமாக்குகிறார். பிள்ளை கூட்டுக்குள் பேசவில்லை. பிள்ளையிடமிருந்து கேட்டவர்களை எந்த முத்திரையும் கட்டாது.

மற்றச் சபைகளிலிருந்தும் என்னிடம் வருகிறார்கள். "நாங்க நேரா ஆண்டவர்கிட்டயே சொல்லுவோம் அக்கா, நடுவில ஆள் தேவையில்லை" என்பார்கள். மரியாதையோடு கேட்டுக்கொள்வேன். ஆனால் புரட்டஸ்தாந்து மரபு வாய்திறந்து இன்னொருவரிடம் சொல்வதை ஒதுக்கிவிடவில்லை. லூதரன் சபையின் 1530ஆம் ஆண்டு அவுக்ஸ்பேர்க் விசுவாச அறிக்கை தனிப்பட்ட பாவமன்னிப்பை வைத்துக்கொள்ளச் சொல்கிறது, எல்லாப் பாவத்தையும் எண்ணிச் சொல்லத் தேவையில்லை என்கிறது. மெதடிஸ்தர்களின் ஜோன் வெஸ்லி 1738 இல் சின்னக் குழுக்களுக்கு விதிகள் எழுதினார். யாக்கோபு 5:16 சொல்கிறபடி ஒருவருக்கொருவர் பிழையைச் சொல்லி மன்றாட வேண்டும், கிழமைக்கு ஒருதரம், சில பேர் மட்டும். அங்கிலிக்கன் வழிபாட்டில் பொதுப் பாவ அறிக்கை உண்டு, தனியாகச் சொல்ல விரும்பினால் அதற்கும் வழி உண்டு.

நான் பயப்படுவது பெரிய குழுவில் சாட்சி சொல்வதைப் பற்றி. ஒருதரம் ஒரு ஜெபக் குழுவில் என் வீட்டு விடயம் ஒன்றை அழுது சொன்னேன். மூன்றாம் நாள் மீன் வாங்கப் போன இடத்தில் அது எனக்கே திரும்பி வந்தது, "உங்களுக்காக ஜெபிக்கிறோம்" என்ற முகவுரையோடு. யாரும் கெட்டவர்கள் இல்லை. முத்திரை இல்லாத இடம், அவ்வளவுதான். ஆகவே நீங்கள் எந்தச் சபை என்றாலும், எவ்வளவு பேருக்குக் காயம் பட்டதோ அவ்வளவு பேருக்கு மேல் சொல்லாதீர்கள். மனைவிக்குச் செய்த துரோகத்தைச் சபை முன் ஒலிவாங்கியில் சொல்லி மனைவியை இரண்டாம் முறை கொன்றவரையும் எனக்குத் தெரியும்.

2020 மார்ச் 20 ஒரு வெள்ளிக்கிழமை. அன்று மாலை நாடு முழுவதும் கொரோனா ஊரடங்கு. அதே நாளில் வத்திக்கானிலிருந்து ஒரு குறிப்பு வெளியானது. குருவிடம் போக முடியாதபோது, கடவுள் மேல் கொண்ட அன்பால் வரும் மனஸ்தாபத்தோடு, முடிந்தவுடன் பாவசங்கீர்த்தனம் செய்யும் உறுதியோடு மன்னிப்புக் கேட்டால், சாவான பாவமும் மன்னிக்கப்படும் என்று நினைவூட்டியது. எங்கள் பாட்டிமார் மனப்பாடமாகச் சொன்ன உத்தம மனஸ்தாப மந்திரம்தான் அது. மட்டக்குளியிலிருந்து ஒரு மகன் போன் எடுத்து, அம்மாவுக்கு மூச்சுக் கஷ்டம், போனிலேயே பாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யலாமா என்று கேட்டார். போனில் அருட்சாதனம் செல்லாது. மந்திரத்தைச் சொல்லிக் கொடுக்கலாம் என்று பார்த்தால், மகனுக்கு ஒரு வரியும் தெரியவில்லை. அம்மா அந்தப் பக்கத்திலிருந்து தானாகவே சொல்லத் தொடங்கினார். நான் போனைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார்.

இந்த வருடத் தவக்காலத்தில் தெஹிவளைப் பிள்ளையிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. அவளைக் கேட்டுத்தான் இங்கே எழுதுகிறேன். மாத முறைக்குப் போயிருக்கிறாள். மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டதாம். பாதர் "வேற?" என்று கேட்டாராம். "வேற இல்லை பாதர்" என்றாளாம். வெளியே வந்து 100 பஸ்ஸில் ஏறி வெள்ளவத்தை தாண்டும்போது, எதையோ விட்டுவிட்ட மாதிரி நெஞ்சு இறுகியிருக்கிறது.

"இறங்கல்ல மிஸ்" என்று சொன்னாள். பின்னால் கொண்டக்டர் தெஹிவளை, தெஹிவளை என்று கூப்பிடுவது கேட்டது.